அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடும்போது

பணி ஓய்வுக்குப் பிறகு மலையடிவாரத்தில் ஒரு சின்ன வீடு என்ற ஆசையோடு திருவண்ணாமலைக்கு வந்து தங்கியவர்கள் ரமண நகரிலும் செங்கம் சாலையை ஒட்டிய தெருக்களிலும் நிறையப் பேர். அறுபது வயதில் தவறாமல் கிரிவலம் போனவர்கள் எண்பதைத் தொடும்போது பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூருவிலோ கடல் தாண்டியோ இருக்கிறார்கள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பல குடும்பங்களின் நிலைமையும் இன்று இதுதான். குளியலறையில் ஒரு சறுக்கல், இடுப்பெலும்பு முறிவு, ஆபரேஷன், டிஸ்சார்ஜ். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே மகன் போனில் சொல்வார்: “அம்மாவைப் பார்த்துக்க ஒரு நர்ஸ் வேணும், இருபத்து நாலு மணி நேரமும்.” மறுநாள் ஒரு பையோடு யாரோ வந்து இறங்குவார். அவருக்கு என்ன வேலை தெரியும், அம்மாவுக்கு என்ன தேவை என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சம்பளம் மட்டும் பேசி முடிந்திருக்கும்.

ஆளைத் தேடும் முன்பு வேலையைத் தாளில் எழுதுங்கள். அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ் 1963-ல் வெளியிட்ட ஓர் அளவுகோலை இன்றும் உலகெங்கும் முதியோர் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய் வருவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீரையும் மலத்தையும் அடக்குவது, தானே சாப்பிடுவது என ஆறே செயல்கள். இவற்றில் எதைத் தானே செய்கிறார், எதற்கு ஒரு கை கொடுத்தால் போதும், எதை முழுக்க இன்னொருவர் செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே குறியுங்கள். ‘பெட் பேஷண்ட்’ என்று உறவினர்கள் ஒரே சொல்லில் முடித்துவிட்ட பலருக்கு, உண்மையில் எழுந்து உட்காரக் கைகொடுக்க ஒருவர் இருந்தாலே போதும். அப்படிப்பட்டவருக்கு எல்லாவற்றையும் படுக்கையிலேயே செய்துவிடும் ஆளை வைத்தால், இருக்கிற பலமும் சில வாரங்களில் போய்விடும். இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்தவரை மருத்துவர் சொன்ன நாளில் எழுப்பி நடக்க வைக்காமல், ‘பாவம், படுத்திருக்கட்டும்’ என்று விடுவது பரிவாகத் தெரியும். சளி கட்டுவதும், காலில் இரத்தம் உறைவதும், முதுகில் புண் வருவதும் அந்தப் பரிவில்தான் தொடங்குகின்றன.

பிறகு இரண்டாவது தாள். அதில் மருத்துவ வேலைகள் மட்டும்: ஊசி, மூக்கு வழி உணவுக் குழாய், யூரின் குழாய், புண்ணுக்குக் கட்டு, சளியை உறிஞ்சி எடுப்பது, ஆக்சிஜன். முதல் தாளில் மட்டும் வேலை இருந்தால் பயிற்சி பெற்ற உதவியாளர் போதும். இரண்டாவது தாளிலும் இருந்தால் செவிலியர் தேவை. ஆனால் பெரும்பாலும் அவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. குழாயை மாற்றவும் புண்ணைப் பார்க்கவும் மருத்துவர் சொன்ன இடைவெளியில் செவிலியர் வந்து போக, மற்ற நேரத்தை உதவியாளர் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு பல வீடுகளுக்குப் பொருந்தும். செலவும் தாங்கும். நர்ஸ் சம்பளம் கொடுத்து உதவியாளரைப் பெறுவதும், உதவியாளர் கையில் நர்ஸ் வேலையைக் கொடுப்பதும் இரண்டுமே தவறு. இரண்டாவது உயிரையே வாங்கக்கூடியது.

யார் செவிலியர் என்பதில் குழப்பமே இல்லை. ஏ.என்.எம். இரண்டு ஆண்டு, ஜி.என்.எம். மூன்று ஆண்டு, பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு. படிப்பை முடித்தவர் தமிழ்நாடு செவிலியர் மன்றத்தில் பதிவு செய்திருப்பார். பதிவு எண்ணுள்ள சான்றிதழ் வைத்திருப்பார். அதைக் காட்டச் சொல்வது அவமதிப்பல்ல, முறையாகப் படித்தவர் தயங்காமல் காட்டுவார். வெள்ளைக் கோட்டு எந்தத் துணிக்கடையிலும் கிடைக்கும். உதவியாளருக்கு இப்படியொரு கட்டாயப் பதிவு கிடையாது. சில மாதத் திறன் பயிற்சி முடித்தவர்களும் உண்டு, ஆஸ்பத்திரி வார்டில் ஆயா வேலை பார்த்துக் கற்றவர்களும் உண்டு, நேற்றுவரை வேறு வேலை பார்த்தவர்களும் உண்டு. ஆகவே சான்றிதழைவிட, செய்து காட்டச் சொல்லிப் பார்ப்பதே நம்பகமானது.

எதைச் செய்து காட்டச் சொல்வது? கட்டிலில் இருப்பவரை எப்படித் திருப்பிப் படுக்க வைக்கிறார் என்று பாருங்கள். கையைப் பிடித்து இழுக்கிறாரா, தோளுக்கும் இடுப்புக்கும் கை கொடுத்து உருட்டுகிறாரா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். தானே அசைய முடியாதவரைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும் என்பது பொது விதி. இடுப்பின் பின்புறத்திலும் குதிகாலிலும் தோல் சிவந்து, விரலால் அழுத்தினாலும் சிவப்பு மறையவில்லை என்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று அறிய வேண்டும். ஏர் பெட் வாங்கிப் போட்டாலும் திருப்புவதை நிறுத்தக் கூடாது. மூக்குக் குழாயில் கஞ்சி கொடுக்கும்போது தலைப்பக்கம் குறைந்தது 30 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும், கொடுத்த பிறகும் அரைமணி நேரமாவது அப்படியே இருக்க வேண்டும். யூரின் பை இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் கிடக்கக் கூடாது. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். நினைவிருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர், நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-க்குப் போன் என்ற பதில் வர வேண்டும். தெரியவில்லை என்பதற்காக ஒருவரை ஒதுக்க வேண்டியதில்லை. கற்றுக்கொடுத்தால் கற்பவர் என்று தெரிந்தால் டிஸ்சார்ஜுக்கு முன்பே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், வார்டு சிஸ்டரிடமே பழகச் செய்யுங்கள். இது மிக எளிய வழி, ஆனால் மிகச் சிலரே செய்கிறார்கள்.

அரசின் கை எதுவரை நீளுகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுக்கையில் இருப்பவர்களுக்கு வட்டார அளவில் வலி தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீடு தேடி வருகிறார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தின் 18 ஒன்றியங்களிலும், நகரத்திலும், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் போதும். பணம் கொடுத்து ஆள் வைத்திருக்கும் வீடுகள் இதைக் கேட்பதே இல்லை, ‘அது ஏழைகளுக்கு’ என்ற நினைப்பு. தேர்ந்த செவிலியரின் கண் அவ்வப்போது அம்மாவின் முதுகில் படுவதை எந்த வீடும் வேண்டாம் என்று சொல்லக் கூடாது.

ஆனால் அன்றாடம் குளிப்பாட்டி, ஊட்டி, துணி மாற்ற அரசுத் திட்டம் எதுவும் ஆள் அனுப்புவதில்லை. 70 வயது கடந்த எல்லோருக்கும் 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்ட ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் காப்பீடு ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குத்தான், வீட்டு உதவியாளரின் சம்பளத்துக்கு அல்ல. ஜெர்மனி 1995-லும் ஜப்பான் 2000-லும் நீண்டகாலப் பராமரிப்புக்கென்றே காப்பீட்டைக் கொண்டுவந்தன. ஜப்பானில் நாற்பது வயதிலிருந்தே எல்லோரும் அதற்குப் பணம் கட்டுகிறார்கள். தமிழ்நாட்டில் அறுபது கடந்தவர்களின் பங்கு 2011-ல் 10.4 சதவீதம், 2031-ல் 18.2 சதவீதமாகும் என்பது அரசின் கணிப்பு. கேரளத்துக்கு அடுத்து நாட்டிலேயே வேகமாக முதுமை அடையும் மாநிலங்களில் ஒன்றான இங்கு, இந்தச் செலவு முழுவதும் குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது. குடும்பம் என்றால் பெரும்பாலும் ஒரு மகள் அல்லது மருமகள் வேலையை விட்டுவிட்டு உட்காருவது என்று பொருள். இதைக் கொள்கைப் பிரச்சினையாக யாரும் பேசாதது எனக்கு வருத்தம் தருகிறது.

இனி இந்த ஊருக்கே உரிய ஒரு விஷயம். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு அது தோன்றுவதில்லை. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க மக்கள் வெள்ளம். பேருந்துகள் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நின்றுவிடும், வாகனங்கள் திருப்பி விடப்படும். கார்த்திகை தீபத்தின்போது இன்னும் கடுமை. கீழ்பென்னாத்தூரிலிருந்தோ தண்டராம்பட்டிலிருந்தோ இரவுப் பணிக்கு வரும் பெண் அன்று எப்படி வந்து சேர்வார்? காலையில் அவரை விடுவிக்க வேண்டியவர் வரவில்லை என்றால்? வேலைக்குப் பேசும்போதே நாள்காட்டியை எதிரில் வைத்துக்கொண்டு பௌர்ணமிகளையும் தீபத் திருநாட்களையும் குறித்து, அன்று மாலைக்கு முன்பே வந்து மறுநாள் வரை தங்க ஏற்பாடு செய்து, அதற்குத் தனியாகக் கூலியும் பேசிவிட வேண்டும். மருந்து, டயபர், ஆக்சிஜன் எல்லாம் இரண்டு நாள் முன்பே வீட்டில் இருக்கட்டும். மறதி நோய் உள்ளவர் அந்தக் கூட்டத்தில் வெளியே போய்விட்டால் தேடிப் பிடிப்பது மிகக் கடினம். பெயரும் போன் எண்ணும் எழுதிய வளையோ டாலரோ எப்போதும் உடம்பில் இருக்க வேண்டும்.

ஏஜென்சி வழியாகவா, தெரிந்தவர் சொல்லி நேராகவா? ஏஜென்சியின் பயன் மாற்று ஆள். ஒருவர் நின்றுவிட்டால் எத்தனை மணி நேரத்தில் இன்னொருவர் வருவார் என்பதை எழுத்தில் கேளுங்கள். முன்பணம் திரும்பி வருமா, மாதம் கொடுப்பதில் எவ்வளவு அந்தப் பெண்ணின் கைக்குப் போகிறது என்றும் கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பாதிதான் போகிறது என்றால் அவர் நிலைக்க மாட்டார், மாதத்துக்கு ஒரு புது முகத்திடம் அம்மா துணி மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். நேராக அமர்த்தினால் அடையாளச் சான்று, முன்பு வேலை பார்த்த வீட்டாரோடு ஒரு பேச்சு, காவல்துறைச் சரிபார்ப்பு மூன்றும் வேண்டும். தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிச் சேவையில் வீட்டுப் பணியாளர் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

‘வீட்டோடு தங்கும் ஆள்’ என்றால் இருபத்து நாலு மணி நேரமும் விழித்திருக்கும் ஆள் அல்ல. இரவில் இரண்டு மணிக்கொரு முறை திருப்ப வேண்டியவருக்கு ஒரே ஆளை வைத்தால், ஒரு வாரத்தில் அவர் தூக்கத்தில் தடுமாறுவார், கீழே விழப்போவது அம்மா. இரண்டு ஆள் வைக்க முடியாத வீட்டில் இரவு ஒரு முறையாவது குடும்பத்தார் எழுந்திருக்க வேண்டும். வாரத்தில் ஒருநாள் விடுப்பு, படுக்கத் தனி இடம், வீட்டில் எல்லோரும் சாப்பிடும் சாப்பாடு, இவை சலுகை அல்ல. அம்மாவின் மலத்தை முகம் சுளிக்காமல் துடைப்பவருக்குத் தனித் தட்டும் தனி டம்ளரும் எடுத்து வைக்கும் வீடுகள் இன்னமும் இருக்கின்றன. அந்த வீடுகளில் அன்பான பராமரிப்பை எதிர்பார்க்க யாருக்கும் உரிமை இல்லை. ‘அப்படியே வீட்டையும் பெருக்கி, சமையலும் பார்த்துக்க’ என்பதும் இதே வகைதான். நோயாளியின் வேலையும் வீட்டு வேலையும் சேர்ந்தால் முதலில் விடுபடுவது நோயாளியின் வேலை.

வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதற்கு இந்த ஊர் அறிந்த முன்னுதாரணம் உண்டு. ரமண மகரிஷியின் தாய் அழகம்மாள் 1916-ல் மகனிடமே வந்து தங்கினார். 1922 மே 19 அன்று அவர் மறைந்தபோது, ரமணர் பல மணி நேரம் ஒரு கையைத் தாயின் நெஞ்சிலும் இன்னொரு கையைத் தலையிலும் வைத்து அருகிலேயே இருந்தார். பிற்காலத்தில் ரமணருக்கே இடது கையில் புற்றுநோய்க் கட்டி வந்து, 1949-ல் ஆசிரமத்திலேயே அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. 1950 ஏப்ரல் 14 அன்று அவர் மறையும்வரை அன்பர்களின் தரிசனம் நிற்கவில்லை. நோய் முற்றிய நிலையிலும் அவருடைய நாள் அவருடையதாகவே இருந்தது. வீட்டுப் பராமரிப்பில் பெற வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். விடியலில் முதல் டிகிரி காபி, சாமி படத்துக்கு ஒரு பூ, நாளிதழ், மதியம் கொஞ்சம் திண்ணை என்று அம்மாவுக்கு ஒரு நாள் இருக்கும். வருபவர் அதைக் கலைக்காமல் நடத்தித் தருவாரா என்று பாருங்கள். அதனால் தேர்ந்தெடுக்கும் இடத்தில் அம்மா இருக்க வேண்டும். தன் உடம்பைத் தொடப்போகும் கை எது என்பதில் கடைசிச் சொல் அவருடையது. ஆண் உதவியாளர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

முதல் இரண்டு வாரத்தைச் சோதனைக் காலம் என்று சொல்லியே அமர்த்துங்கள், முடிந்தால் அந்த நாட்களில் பிள்ளைகளில் ஒருவர் கூடவே இருங்கள். ஒரு நோட்டில் மாத்திரை, சாப்பாடு, மலம், சிறுநீர், திருப்பிய நேரம் எல்லாம் எழுதப்பட வேண்டும். மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டும் போக வேண்டும். கூடத்தில் கேமரா வைத்தால் அவரிடம் சொல்லிவிட்டு வையுங்கள். குளியலறையிலும் துணி மாற்றும் இடத்திலும் வேண்டாம், அங்கே அம்மாவின் மானமும் இருக்கிறது. போனில் பேசும்போது உதவியாளர் வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து ஒருமுறை பேசுங்கள். காரணம் தெரியாத கன்றிப்போன தழும்பு, திடீரென்று வந்த பேச்சின்மை, எப்போதும் தூக்கம், இந்த மூன்றில் எது கண்டாலும் நேரில் போக வேண்டும். நகைக்கும் பத்திரத்துக்கும் வங்கி அட்டைக்கும் பூட்டு இருக்கட்டும், எந்தத் தாளிலும் படிக்காமல் கையெழுத்தோ கைநாட்டோ வேண்டாம்.

தொந்தரவு செய்வது வெளியாளாக மட்டும் இருக்க வேண்டும் என்பதில்லை. பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு ஆள் வைக்கவே காசில்லை என்று கைவிரிக்கும் பிள்ளைகளுக்காகத்தான் 2007-ன் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. பராமரிப்பேன் என்ற நிபந்தனையோடு சொத்தை வாங்கியவர் அதை மீறினால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கும்படி 23-வது பிரிவில் கேட்கலாம். மனுவைக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் விசாரிக்கும், மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை பராமரிப்புத் தொகை தரவும் உத்தரவிடலாம். எழுத முடியாதவர், எங்கே போவது என்று தெரியாதவர், காலை 8 முதல் இரவு 8 மணி வரை 14567 என்ற கட்டணமில்லா எண்ணில் முதியோர் உதவி மையத்தோடு பேசலாம். இந்த எண் அம்மாவின் கட்டிலருகே, அவர் கண்ணுக்குத் தெரியும் பெரிய எழுத்தில் ஒட்டப்பட்டிருக்கட்டும்.