மரவள்ளிக் கிழங்கும் இரப்பர் இலையும்



பல ஆண்டுகளுக்கு முன்னர், வேறொரு தோட்டப் பள்ளியில் நான் பணியாற்றிக்கொண்டிருந்தபோது ஆசிரியர் தின விழா நடைபெற்றது. 1956ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் மலாயாக் கூட்டரசின் சட்டமன்றம் ரசாக் கல்வி அறிக்கையை ஏற்றுக்கொண்டது. அதன் நினைவாகவே நம் நாட்டில் அந்நாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். அன்று பிள்ளைகள் கடையில் வாங்கிய பேனாக்களையும் கோப்பைகளையும் வண்ணத்தாளில் சுற்றிக் கொணர்ந்திருந்தனர். மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் மட்டும் பள்ளிக்கு வரவில்லை.

காய்ச்சலாக இருக்குமோ என்றெண்ணி மாலையில் அவன் வீட்டிற்குச் சென்றேன். அவனுடைய தாயார், "கொடுக்கிறதுக்கு ஒண்ணும் இல்லைங்க ஐயா. அதான் போகமாட்டேன்னுட்டான்" என்றார். பின்னர், வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், வேகவைத்த மரவள்ளிக் கிழங்கையும் நெத்திலிச் சம்பலையும் ஒரு தட்டில் வைத்துக் கொடுத்து, "வேற ஒண்ணும் இல்லைங்க" என்றார். அக்கிழங்கு பஞ்சுபோல் வெந்திருந்தது. நான் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி உண்டேன்.

விலை கொடுத்து வாங்காத எதுவும் 'ஒன்றுமில்லை' ஆகிவிடுமா? அவ்வீட்டுத் தட்டில் இருந்த கிழங்கையும், அவ்வீட்டின் பின்புறம் நின்ற இரப்பர் மரத்தின் இலையையும் பற்றி இங்கு எழுத விழைகின்றேன்.

முதற்கண் ஒரு வியப்பான செய்தி. மரவள்ளியும் இரப்பரும் உறவுச் செடிகள். இரண்டும் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டும் தென் அமெரிக்காவில் தோன்றியவை. மரவள்ளி இலையின் காம்பை ஒடித்துப் பாருங்கள். இரப்பர் மரத்தைப் போலவே வெண்மையான பால் கசியும். 1876இல் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 இரப்பர் விதைகளை இலண்டனில் உள்ள கியூ தோட்டத்திற்குக் கொண்டுசென்றார். அவற்றுள் முளைத்த சில கன்றுகளின் வழிவந்தவையே நம் நாட்டின் இரப்பர் காடுகள். மரவள்ளியோ அதற்கு முன்னரே மலாயாவிற்கு வந்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மலாக்காவில் சீனர்கள் அதனைப் பெருந்தோட்டங்களாகப் பயிரிட்டனர்.

இவ்விரண்டு உறவினரில் ஒன்று நம் முன்னோர்க்குக் கூலி தந்தது. கூலி நின்றபோது மற்றொன்று உயிர் தந்தது. 1941ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கோத்தா பாருவில் தரையிறங்கிய ஜப்பானியப் படை, 1942 ஜனவரி இறுதியில் நம் ஜொகூர் பாருவை அடைந்தது. அதுவரை நாட்டிற்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்துகொண்டிருந்தது. போரினால் அவ்வரவு குன்றியது. இரப்பரை வாங்குவாரும் இல்லை. தோட்டத்து ஆடவர் பல்லாயிரவர் சயாம் - பர்மா இரயில் பாதை அமைக்கக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் மிகப் பலர் திரும்பவில்லை. தோட்டங்களில் எஞ்சிய பெண்களும் முதியோரும் பிள்ளைகளும் மரவள்ளியை நட்டுப் பிழைத்தனர். இதற்கு விதை வேண்டியதில்லை. முற்றிய தண்டை ஒரு சாண் அளவு வெட்டி மண்ணில் ஊன்றினால் போதும்; எட்டுப் பத்து மாதங்களில் கிழங்கு கிடைக்கும்.

என் பாட்டியார் அக்காலத்தைக் கண்டவர். காலையில் அவித்த கிழங்கு, பகலில் கிழங்குக் கஞ்சி, இரவில் கிழங்கு மாவு ரொட்டி என்று கூறுவார். போர் முடிந்தபின் தம் வாழ்நாள் இறுதிவரை அவர் அதனை வாயில் வைத்ததே இல்லை. ஆயினும் நாங்கள் விரும்பிக் கேட்டால் முகம் சுளிக்காமல் அவித்துத் தருவார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். மரவள்ளி வயிற்றை நிரப்புமேயன்றி, அது மட்டுமே முழு உணவாகாது. அதில் மாவுச்சத்து மிகுதி. புரதமும் 'பி' உயிர்ச்சத்துகளும் மிகக் குறைவு. போர்க்காலத்தில் பெரிபெரி நோயால் கால் வீங்கி வருந்தியோர் பலர். ஆகவேதான் நெத்திலி, பருப்பு, முட்டை ஆகியவற்றுள் ஒன்றையேனும் அதனுடன் சேர்த்து உண்ண வேண்டும். அந்தத் தாயார் வைத்த சம்பல் சுவைக்கு மட்டுமன்று, உடலுக்கும் உற்ற துணையாகும்.

இன்னொரு செய்தியையும் நன்கு மனத்திற்கொள்ளுங்கள். மரவள்ளியைப் பச்சையாக உண்ணவே கூடாது. அதில் லினமரின் என்னும் பொருள் உள்ளது. கிழங்கை வெட்டும்போது அது சிதைந்து, ஐதரசன் சயனைடு என்னும் நச்சு உண்டாகிறது. கிழங்கின் தோலில் இது மிகுதி. ஆதலால் பழுப்பு நிறப் புறத்தோலையும், அதன் கீழுள்ள தடித்த உள்தோலையும் சேர்த்தே உரித்தெடுக்க வேண்டும். கிழங்கைச் சிறு துண்டுகளாக வெட்டி, நிறைய நீர் ஊற்றி, பானையை மூடாமல் வேகவைக்க வேண்டும். நஞ்சின் ஒரு பகுதி ஆவியாகப் போகும். மற்றொரு பகுதி நீரில் கரையும். அந்நீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். அம்மா ஏன் மூடியைத் திறந்து வைக்கிறார் என்பது இப்போது விளங்கியிருக்கும். கசக்கும் கிழங்கைத் துப்பிவிடுங்கள். கிழங்கைத் தோண்டிய இரண்டு மூன்று நாட்களுக்குள் சமைத்துவிடுதல் நன்று. பிறகு உள்ளே கருநீலக் கோடுகள் ஓடிக் கெட்டுவிடும்.

நால்வர் உண்ண ஒரு கிலோ கிழங்கு போதும். துண்டுகள் வெடித்து மலரும்வரை அரை மணி நேரம் வேகட்டும். நீரை வடித்து உப்பிடுங்கள். நடுவில் உள்ள நாரை நீக்குங்கள். சிறிது எண்ணெயில் கடுகு, வெங்காயம், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள் தாளித்து, கிழங்கையும் துருவிய தேங்காயையும் சேர்த்துக் கிளறி இறக்குங்கள். மழைபெய்யும் மாலையில் இதற்கு ஈடான பலகாரம் இல்லை என்பது என் கருத்து. மலாய் நண்பர்களின் வீடுகளில் இதே கிழங்கைத் துருவித் தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்துப் பிங்கா செய்வர். அடுப்பும் கத்தியும் பெரியவர்களின் வேலை. தேங்காய் துருவுவது உங்கள் வேலை.

இனி அன்பளிப்பு. மரவள்ளி இலைக்காம்பை இருபுறமும் மாறி மாறி ஒடித்து, தோல் மட்டும் அறாமல் விட்டு, மாலை கட்ட உங்களுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அது மாலைக்குள் வாடிவிடும். வாடாத ஒன்று வேண்டுமாயின் இரப்பர் இலையைத் தேடுங்கள்.

முற்றிய, கிழியாத பச்சை இலைகளாகப் பறித்து, ஒரு வாளி நீரில் மூழ்க வையுங்கள். மிதக்காதபடி மேலே ஒரு கல்லை வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இலையின் மென்மையான சதைப்பகுதியைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடும். நரம்புகள் கடினமானவை, அவை எளிதில் சிதையா. ஏறத்தாழ மூன்று வாரங்கள் கழித்து இலையை எடுத்து, ஒரு தட்டில் பரப்பி, பழைய பல்துலக்கியால் நீரூற்றியபடியே மெல்லத் தட்டித் துலக்குங்கள். பசுமை வழிந்தோட, சிலந்தி வலைபோன்ற நரம்புப் பின்னல் மட்டும் எஞ்சும். நாற்றம் சற்று வீசத்தான் செய்யும். அதற்கு அஞ்சியவர்க்கு இக்கைவினை கைகூடாது. இலையைப் பழைய செய்தித்தாளுக்கு இடையில் வைத்து உலர்த்துங்கள். தேயிலைச் சாற்றில் தோய்த்தால் பொன்னிறம் பெறும். பீட்ரூட் சாறு அழகாகத்தான் இருக்கும். ஆனால் விரைவில் வெளுத்துவிடும். உலர்ந்த இலையைத் தடித்த அட்டையில் ஒட்டி, கீழே உங்கள் கையெழுத்தில் ஒரு வரி எழுதினால் வாழ்த்து மடல் ஆயிற்று.

வாளியைத் திறந்து வைக்காதீர்கள். தேங்கிய நீரில் முட்டையிடும் ஏடிஸ் கொசு, ஒரு வாரம் பத்து நாட்களில் முழு வளர்ச்சி பெற்றுப் பறந்துவிடும். ஆகவே இறுக்கமான மூடி இடவேண்டும். வாரத்திற்கு இருமுறை நீரை மாற்றவும் வேண்டும். ஆசிரியருக்கு மடல் செய்யப் போய் அண்டை வீட்டாருக்கு டிங்கிக் காய்ச்சலைப் பரிசளித்தல் ஆகாது! இரப்பர் விதையிலும் மரவள்ளியில் உள்ள அதே நஞ்சு உண்டு. அதனைத் தேய்த்துச் சூடாக்கி விளையாடலாம், வாயில் போடலாகாது.

அந்த விழாவிற்கு அடுத்த ஆண்டு, கடையில் வாங்கிய பொருள் எதனையும் எவரும் கொணர வேண்டாம் என்று அறிவித்தோம். அம்மாணவன் முதல் ஆளாய் வந்து நின்றான். அவன் கொடுத்த மடலில் இருந்த இலையின் நுனி கிழிந்திருந்தது. கிழிந்த இடத்தில் மஞ்சள் வண்ணத்தால் ஒரு பறவையை வரைந்திருந்தான். இன்றும் அது என் அகராதியினுள் இருக்கின்றது.

உலு திராம் வட்டாரத்தில் இரப்பர் இருந்த இடங்களில் பெரும்பாலும் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் வந்துவிட்டன. ஆயினும் பழைய மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கின்றன. உரியவரிடம் கேட்டுப் பறித்துக்கொள்ளுங்கள். ஆண்டின் தொடக்கத்தில் மரங்கள் இலையுதிர்த்துத் துளிர்க்கும். செம்பழுப்பான இளந்தளிர் நீரில் கரைந்துவிடும். அது முற்றிப் பசுமையாகும்வரை பொறுத்திருங்கள். ஏப்ரல் நடுவில் ஊறப்போட்டால் மே 16க்குள் மடல் கைக்கு வந்துவிடும். வாளியின் மூடியை மட்டும் மறவாதீர்கள்.