நாய்ச் சோற்றில் தேங்காய் எண்ணெய்

“சோத்துல ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விடுங்க, முடி மினுமினுன்னு வரும்.” சேலம் ஃபேர்லேண்ட்ஸில் நாய் வளர்ப்பவர்களுக்கு இந்த யோசனை புதிதல்ல. கொப்பரை ஏலம் நடக்கும் பரமத்திவேலூர் பக்கத்து மாவட்டத்தில்தான்; செக்கு எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. அளவோடு கொடுத்தால் நாய்க்கு அது விஷமுமல்ல. ஆனால் மினுமினுப்புக்கு அது சரியான எண்ணெய் அல்ல.

நாயின் தோலையும் முடியையும் காப்பது லினோலெயிக் அமிலம் என்னும் கொழுப்பு. நாயின் உடல் அதைத் தானாகத் தயாரிக்காது, தீனியில்தான் வரவேண்டும். குறைந்தால் தோல் வறண்டு செதில் உதிரும், முடி மங்கும். தேங்காய் எண்ணெயில் அது 100 கிராமுக்கு ஏறக்குறைய 2 கிராம்தான். நம் வீட்டுக் கடலை எண்ணெயில் சுமார் 30 கிராம்! தயிர்சோறே கதியென்று வளரும் நாய்க்கு சிறிது கடலை எண்ணெயும், அவித்த நாமக்கல் முட்டை ஒன்றும் அதைவிட எவ்வளவோ மேல். அரிப்புக்கு மத்தி மீனின் ஒமேகா-3 கொழுப்பு உதவும். அதுவும் தேங்காயில் இல்லை.

வலிப்பு நோய்க்குத் தேங்காய் எண்ணெய் நல்லது என்ற பேச்சுக்கு மட்டும் ஒரு வேர் உண்டு. 2015இல் லண்டன் ராயல் வெட்டர்னரி கல்லூரி ஆய்வாளர்கள், வலிப்புள்ள 21 நாய்களுக்கு, தேங்காய் எண்ணெயிலும் உள்ள நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு சேர்த்த தீனி கொடுத்துப் பார்த்தார்கள். வலிப்பு வரும் எண்ணிக்கை குறைந்தது. ஆனால் அந்தக் கொழுப்பில் பெரும் வேலை செய்பவை கேப்ரிலிக், கேப்ரிக் அமிலங்கள். தேங்காய் எண்ணெயில் இவை இரண்டும் சேர்ந்தே ஏழில் ஒரு பங்குகூடத் தேறாது. பாதியளவு லாரிக் அமிலம். தோப்பு எண்ணெயை நம்பி வலிப்பு மாத்திரையை நிறுத்துவது நாயின் உயிரோடு விளையாடுவது.

அளவும் பெரிய விஷயம். 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 600 கலோரி போதும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி. தினமும் ஊற்றினால் எடை ஏறும். திடீரென அதிகம் கொடுத்தால் பேதி. ஏற்கெனவே கணைய வீக்கம் வந்த நாய்க்குக் கொழுப்பு ஆபத்து: வாந்தி, சுருண்டு படுத்தல், வயிற்றைத் தொட்டால் முனகல். அப்படியானால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போகவேண்டும்.

கொடுத்தே தீருவோம் என்பவர்கள் 10 கிலோவுக்குக் கால் தேக்கரண்டியில் தொடங்கி, சோற்றின் அளவைச் சற்றுக் குறைக்கலாம். வாசனை சேர்த்த தலை எண்ணெய் வேண்டவே வேண்டாம். நிற்காத சொறிக்கு உண்ணியோ, பூஞ்சையோ, சொறிப்பூச்சியோ காரணமாக இருக்கலாம். எது என்பதை மருத்துவர் தோலைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி நம் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.