சபை அங்கத்தவர் எங்கே இருக்கிறார்?

குளத்துத் தண்ணீரை எந்தத் திகதியில் திறப்பது, எத்தனை ஏக்கர் விதைப்பது என்று தீர்மானிக்கும் சிறுபோகக் கூட்டத்துக்கு நாம் நேரில் போவது ஏன்? முடிவை மாத்திரம் அறிவதானால் மறுநாள் அயலவரிடம் கேட்டுக்கொள்ளலாம். யார் என்ன சொன்னார், யாருடைய முகத்தைப் பார்த்து அதிகாரி தலையசைத்தார், எந்தக் கேள்விக்குப் பதில் வராமல் போனது என்பவற்றை அங்கே இருந்தவர்தான் அறிவார். இடம்பெயர்ந்து முகாமிலோ உறவினர் வளவிலோ இருந்த காலத்தில், ஊர்க் காரியங்கள் நாம் போகமுடியாத அறைகளில் தீர்மானமாவது எப்படியிருக்கும் என்பது நம்மில் பலருக்குத் தெரியும்.

கூட்டத்துக்கு வரமுடியாதவர் இருந்த இடத்திலிருந்தே பேசவும் வாக்களிக்கவும் இன்று தொலைபேசியும் கணினியும் வழிசெய்கின்றன. நல்லதுதான். ஆனால் அந்த வசதி சபை அங்கத்தவருக்கும் கிடைத்தால் என்ன நடக்கும்? அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலம் இந்தக் கேள்வியுடன் நெடுங்காலமாக மல்லுக்கட்டி வருகிறது.

அம்மாநிலத்தின் மொடெஸ்ரோ பகுதியில் கமக்காரரின் வாய்க்கால் தண்ணீரை 1887 இல் அமைந்த நீர்ப்பாசன மாவட்டம் ஒன்று நிர்வகிக்கிறது. அதன் சபையை வாக்காளரே தெரிவு செய்கிறார்கள். அதே மொடெஸ்ரோவைச் சேர்ந்த ரால்ஃப் பிரவுண் என்ற சட்டசபை உறுப்பினர்தான் 1953 இல் திறந்த கூட்டச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அதற்கு முந்திய ஆண்டில், உள்ளூர்ச் சபைகள் மக்களுக்குத் தெரியாமல் கூடிப் பேசுவதை சான் பிரான்சிஸ்கோ குரோனிக்கிள் பத்திரிகை தொடர் கட்டுரைகளில் அம்பலப்படுத்தியிருந்தது. நகரசபையோ, பாடசாலைச் சபையோ, நீர்ச் சபையோ, எதுவானாலும் முன்னறிவித்தல் கொடுத்து, கதவைத் திறந்து வைத்தே கூடவேண்டும் என்றது சட்டம்.

பின்னர் அங்கத்தவர் தொலைபேசி மூலம் சேர்ந்துகொள்ள இடமளிக்கப்பட்டது. அதற்கு விதித்த நிபந்தனையைப் பாருங்கள். ஓர் அங்கத்தவர் தம் வீட்டிலிருந்து பேசுவதானால், அந்த வீட்டு விலாசம் நிகழ்ச்சி நிரலில் அச்சாக வேண்டும். நிரலை அவ்வீட்டிலும் ஒட்டிவைக்க வேண்டும். பொதுமக்களில் யாராவது வந்து கதவைத் தட்டினால் உள்ளே விட்டு, கூட்டத்தைக் கேட்கவும் பேசவும் இடம் கொடுக்க வேண்டும். குசினியில் சோறு வேகும்போது முன்விறாந்தையில் ஊரார் வந்து உட்காரும் நிலை! வேடிக்கையாகத் தோன்றினாலும் இதிலே நியாயம் இருக்கிறது. அங்கத்தவர் எங்கே இருக்கிறாரோ அங்கே சபையும் இருக்கிறது. சபை இருக்கும் இடத்துக்கு மக்கள் போகலாம்.

2020 மார்ச் மாதத்தில் கொரோனா நோய் காரணமாக ஆளுநர் இந்த நிபந்தனைகளை இடைநிறுத்தினார். மண்டபங்கள் பூட்டப்பட்டு, கூட்டங்கள் திரைக்கு மாறின. இரண்டு மூன்று நிமிடம் பேசுவதற்காக நெடுந்தூரம் வண்டி ஓட்டவேண்டியிருந்தவருக்கும், கைக்குழந்தையோடு வீட்டில் இருந்த தாய்க்கும் இது வாசலைத் திறந்துவிட்டது. மறுபுறம், திரையில் பெயரளவில் தெரியும் அங்கத்தவர் உண்மையில் கேட்டுக்கொண்டிருக்கிறாரா, அவருக்குப் பக்கத்தில் நின்று யார் சொல்லிக்கொடுக்கிறார் என்று அறிய வழியில்லை. கூட்டம் முடிந்து படியிறங்கும்போது மறித்துக் கேட்கவும் ஆளில்லை.

இதனால் 2022 இல் இயற்றப்பட்டு 2023 தை மாதம் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒரு நடுவழியைத் தேடியது. கூட்டநடப்பெண்ணுக்குப் போதிய அங்கத்தவர் மக்களுக்குத் திறந்த ஒரே இடத்தில் நேரில் இருக்கவேண்டும். ஏனையோர் நோய், பிள்ளை பராமரிப்பு, குடும்பத்தில் மருத்துவ அவசரம், உத்தியோகப் பயணம் போன்ற காரணம் காட்டி விலாசம் வெளியிடாமல் சேரலாம். அதுவும் ஆண்டுக்குக் குறிப்பிட்ட தடவைகள்தான். முகமும் குரலும் இரண்டும் தெரியவேண்டும். அறையில் 18 வயதுக்கு மேற்பட்ட வேறு யாராவது இருந்தால், அவர் தமக்கு என்ன முறை என்று அங்கத்தவர் சொல்லவேண்டும். மக்களுக்கான தொடர்பு அறுந்தால், அது திரும்ப வரும்வரை சபை நிகழ்ச்சி நிரலில் உள்ள எதையும் தீர்மானிக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியே எனக்கு மிகவும் பிடித்தது. மின்சாரம் நின்றால் பறிபோவது கமக்காரனின் குரலாக இருக்கக்கூடாது அல்லவா?

தடவைக் கணக்கு மட்டும் கடுமையானது என்றே சொல்வேன். நெடுநாள் நோயாளியும் நடக்கமுடியாதவரும் சபைக்குத் தெரிவாகவே கூடாது என்பதுபோல அது அமைந்தது. 2024 இல் மாநிலச் சட்டமா அதிபர், தகுதியுள்ள மாற்றுத்திறனாளி அங்கத்தவருக்குத் தொலைவிலிருந்து சேர இடமளிப்பது நியாயமான வசதியாகலாம் என்று அபிப்பிராயம் வெளியிட்டபோதே இந்தக் குறை ஓரளவு தீர்ந்தது.

2025 இல் விதிகள் மீண்டும் திருத்தப்பட்டன. 30,000 பேரோ அதற்கு மேலோ வாழும் நகரங்களினதும் கவுண்டிகளினதும் சபைகள், 2026 யூலை 1 முதல், மக்கள் தொலைவிலிருந்து கேட்கவும் பேசவும் வழி வைக்கவேண்டும் என்கிறது அத்திருத்தம். சிறிய நீர்ச் சபைகளை அது கட்டாயப்படுத்தவில்லை. சபை தானாக வழிசெய்யாவிட்டால், அங்குள்ள கமக்காரர் தம் தண்ணீருக்காகப் பேச வண்டியை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குத்தான் போகவேண்டும்.