பப்பாளி மாவுப்பூச்சி

பயிருக்குப் பகையாகும் பூச்சிகள் பல. அவற்றுள் அயல்நாட்டிலிருந்து வந்து சேரும் பூச்சி எளிதில் அடங்குவதில்லை. அதனைப் பிறந்த மண்ணில் அடக்கிவைத்த இயற்கைப் பகைவர் அதனுடன் வருவதில்லை. இவ்வுண்மையைப் பப்பாளி மாவுப்பூச்சியின் வரலாறு நன்கு விளக்கும்.

செதிற்பூச்சிக் குலத்தைச் சார்ந்த இதன் தாயகம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் ஆகும். நம் நாட்டில் இது 2008ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் முதன்முதலாகக் காணப்பட்டது. பெண்பூச்சிக்குச் சிறகில்லை. வெண்மையான மெழுகுமாவைப் போர்த்துக்கொண்டு, இலையிலும் தண்டிலும் கனியிலும் ஒட்டிச் சாற்றை உறிஞ்சும். பஞ்சு போன்ற பையில் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடும். அது கழிக்கும் இனிய நீரின்மேல் கரும்பூஞ்சை படரும், செடி வாடும்.

சிறகில்லாப் பூச்சி ஊர்விட்டு ஊர் செல்வது எங்ஙனம்? அதன் இளங்குஞ்சுகளைக் காற்று அடித்துச் செல்லும். மனிதனோ, கனிகளோடும் நாற்றுகளோடும் அதனைத் தானே வண்டியேற்றி அனுப்பிவிடுகிறான்!

பூச்சி பரவிய எல்லையை அறிய ஆய்வாளர் ஊர்தோறும் சென்றனர். தோட்டத்தில் ஆங்காங்கே செடிகளைத் தேர்ந்து, இலையின் அடிப்புறத்தைத் திருப்பி நோக்கினர். பூச்சியுள்ள செடிகளை எண்ணிக் குறித்தனர். பப்பாளியோடு நில்லாது வேலியையும் வரப்பையும் ஆராய்ந்தனர். மல்பெரி, மரவள்ளி, பருத்தி, கொய்யா, காட்டாமணக்கு, செம்பருத்தி, துத்தி, பார்த்தீனியம் எனப் பட்டியல் வளர்ந்தது. இப்பூச்சிக்கு இடந்தரும் செடிவகைகள் 60க்கும் மேற்பட்டவை எனத் தெரிந்தது.

இப்பட்டியலால் விளைந்த பயன் யாது? பப்பாளியை மட்டும் தூய்மை செய்தால், பூச்சி வேலியோரக் களையில் தங்கி, மீண்டும் தோட்டத்துக்குள் புகும் என்பது புலனாயிற்று. மல்பெரியில் இடர் இன்னும் பெரிது. இலைமீது நஞ்சு தெளித்தால் அதனை உண்ணும் பட்டுப்புழு மடியும். தெளியாவிடின் இலையே கிட்டாது. பட்டு வளர்க்கும் உழவர் செய்வதறியாது கலங்கினர்.

ஆகவே, அறிஞர் பூச்சியின் இயற்கைப் பகைவரை நாடினர். 2010ஆம் ஆண்டில் போர்ட்டோரிக்கோவிலிருந்து நுண்ணிய ஒட்டுண்ணிக் குளவிகள் வருவிக்கப்பட்டன. அவை மாவுப்பூச்சியின் உடலுள் முட்டையிடும். வெளிவரும் புழு அதனை உள்ளிருந்தே உண்டு அழிக்கும். பட்டுப்புழுவுக்கு அவற்றால் தீங்கில்லை. அக்குளவிகளைப் பெருக்கித் தோட்டங்களில் விடுத்தனர். பூச்சியின் கொடுமையும் தணிந்தது.

மாணவர்களே! பகையை வெல்லுமுன் அதன் இருப்பிடங்களை அறிதல் வேண்டும். வரப்போரத்துக் களையையும் புறக்கணியாது நோக்கிய கண்களே இவ்வெற்றிக்கு வழி காட்டின.