காப்பியடிக்க முடியாத கடை!

தாம்பரம் மேற்கில் ஸ்டேஷனை விட்டு இறங்கி, செல்போன் கடைகளை ஒரு நோட்டம் விடுங்கள். முதல் கடையில் 'கவர் இலவசம்' என்று போர்டு மாட்டினால், மறுநாளே பக்கத்துக் கடையில் 'கவரும் கண்ணாடியும் இலவசம்'! மூன்றாவது கடைக்காரர் விடுவாரா? கூடவே ஒரு குடை தருவார். கேட்டால், "மத்தவங்க மாதிரி இல்ல சார் நாங்க" என்பார்கள், மூன்று பேருமே!

என்னைக் கேட்டால், எதிர்க்கடைக்காரர் ஒரே ராத்திரியில் செய்துவிடக்கூடிய எதுவும் வித்தியாசமே இல்லை. நிஜமான வித்தியாசத்தைப் பார்க்க அமெரிக்கா போகவேண்டாம். ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டலூர் தாண்டி, கூடுவாஞ்சேரி பக்கம் போனால் போதும். அங்கே இருக்கிறது ஸோஹோ.

1996-ல் ஸ்ரீதர் வேம்புவும் அவர் சகோதரர்களும் நண்பர்களும் சேர்ந்து, தாம்பரம் பக்கம் ஒரு சின்ன வீட்டில் ஆரம்பித்த கம்பெனி. அப்போது பெயர் அட்வென்ட்நெட். டெலிகாம் கருவி தயாரிக்கும் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் விற்றார்கள். 2001 வாக்கில் அமெரிக்காவில் டெலிகாம் துறை குப்புற விழ, வாடிக்கையாளர்கள் பலர் காணாமலே போனார்கள். கையில் ஆள் இருக்கு. வாங்க ஆள் இல்லை! உடனே வேறு சரக்கில் இறங்கினார்கள். 2002-ல் மேனேஜ்இன்ஜின், 2005-ல் ஸோஹோ. 2009-ல் கம்பெனியின் பெயரே ஸோஹோ ஆனது.

இனி போட்டி மைக்ரோசாஃப்ட், கூகுள் போன்ற யானைகளோடு. சம்பளத்தில் யானையோடு மல்லுக்கட்ட முடியுமா? எல்லோரும் பெரிய காலேஜ் வாசலில் க்யூவில் நிற்க, இவர்கள் 2004-ல் வேறு வாசலுக்குப் போனார்கள். பள்ளிப் படிப்பும் டிப்ளமாவும் முடித்த பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தாங்களே பாடம் நடத்தினார்கள். முதல் செட்டில் ஆறே பேர். ஃபீஸ் கிடையாது; மாசாமாசம் கையில் உதவித்தொகை வேறு! 2011-ல் இன்னும் தள்ளி, தென்காசி பக்கம் மத்தளம்பாறைக்கே ஆபீஸ் போய்விட்டது.

"ப்பூ, இதை யார் வேணா செய்யலாமே!" என்கிறீர்களா? செய்யலாம்தான். ஆனால், படிக்கவைக்கும் ஒன்றரை, இரண்டு வருஷமும் செலவுதான், வரவு இல்லை. தேறின பையன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டால் அதுவும் போச்சு. வெளியார் பணம் போட்டிருந்தால், மூணு மாசத்துக்கு ஒருதரம் "லாபம் எங்கே?" என்று கழுத்தில் துண்டு போட்டிருப்பார்கள். ஸோஹோ அந்தப் பணத்தை வாங்கவே இல்லை; சம்பாதித்ததை வைத்தே வளர்ந்தது. வேகம் குறைவு. ஆனால் காத்திருக்க முடிந்தது. போர்டைக் காப்பியடிக்கலாம், பொறுமையை எங்கே போய் ஜெராக்ஸ் எடுப்பது?

ஜெராக்ஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் தெரு ஜெராக்ஸ் கடைக்கு எதிரிலேயே புதுசாக ஒரு கடை வந்து, விலையையும் குறைத்தது. இவர் அசரவில்லை. நாலு நாற்காலி வாங்கிப் போட்டார். ரிட்டயர்டு தாத்தாக்களுக்கு பாங்க் ஃபாரம், பென்ஷன் பேப்பர் எல்லாம் உட்காரவைத்து நிரப்பித் தருகிறார். நவம்பரில் லைஃப் சர்டிஃபிகேட் சீசன் வேறு!

"எதிர்ல இன்னும் குறைச்சா என்ன பண்ணுவீங்க?" என்றேன்.

"குறைக்கட்டும் சார். ஒவ்வொரு தாத்தாவும் தன் சர்வீஸ் கதையை முப்பது நிமிஷம் சொல்வாரு. அதையும் அவங்க கேக்கணுமே!"