உழவர் கூடிய சங்கமும் அரசு கூட்டிய பண்ணையும்

ருஷ்ய நாட்டுச் சரித்திரத்தில் கூட்டுறவாளராகிய நாம் கருதத்தக்க பாடம் ஒன்று உண்டு. 1861-ல் ஜார் இரண்டாம் அலெக்சாண்டர் பண்ணையடிமை முறையை ஒழித்தார். எனினும், பெற்ற நிலத்துக்காகக் குடியானவர் பல்லாண்டுகள் மீட்புத்தொகை செலுத்த நேர்ந்தது. 1865-ல் கொஸ்த்ரோமா மாகாணத்தில் முதற் கடன் சங்கம் தோன்றிற்று. லினன் துணிக்குரிய ஆளிநாரை விளைவித்தோர் 1915-ல் மத்திய சங்கம் கண்டு, தம் சரக்கைத் தாமே விற்கலாயினர். அதனை நிறுவியோருள் பொருளாதார அறிஞர் சயானோவும் ஒருவர்.

1917-ல் புரட்சி நிகழ்ந்தது. 1929 முதல் ஸ்டாலின் அரசு குடியானவரைக் கூட்டுப்பண்ணைகளில் வலிந்து சேர்த்தது, தானியத்தையும் பறித்தது. 1932-33 பஞ்சத்தில் பல பத்து லட்சம் மக்கள் மாண்டனர். சயானோவ் 1937-ல் சுட்டுக் கொல்லப்பட்டார்; அவர் குற்றமற்றவரென 1987-லேயே நீதிமன்றம் அறிவித்தது. 1991-ல் சோவியத் ஒன்றியமும் கலைந்தது.

மனமுவந்து கூடுவதே கூட்டுறவு. அச்சத்தால் கூட்டுவது அன்று. நம் சங்கங்களில் உறுப்பினரின் விருப்பமும் வாக்குரிமையும் என்றும் குன்றாதிருக்கக் காப்போமாக!