வெப் டெவலப்பர் மாநாட்டில் பேச பெரிய கம்பெனிப் பெயர் வேண்டுமா?

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிறது கணியம்பாடி. இப்படியொரு ஊரில் இருந்து கோடிங் செய்பவரிடம் "மாநாட்டுல நீ பேசலாமே" என்றால், "அதெல்லாம் பெங்களூரு கம்பெனிக்காரங்களுக்குப்பா" என்ற பதில் வரக்கூடும். ஆனால், அந்த மேடைக்கான வாசல் ஒரு விண்ணப்பப் படிவம்தான்.

யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

டெவலப்பர்களே சேர்ந்து நடத்தும் மாநாடுகள், சில மாதங்களுக்கு முன்பே உரைகளுக்கு அழைப்பு விடும். தலைப்பு, சுருக்கம், யாருக்கான உரை, பேசுபவர் குறிப்பு ஆகியவற்றைக் கேட்பார்கள். தன்னார்வலர் குழு படித்துத் தேர்வு செய்யும். 2009-இல் பெங்களூருவில் தொடங்கி, 2019-இல் சென்னைக்கும் வந்த பைகான் இந்தியா, விண்ணப்பங்களைப் பொதுவெளியிலேயே வைத்தது. பழைய விண்ணப்பங்களைப் படிப்பதே நல்ல பயிற்சி.

பெயர் முக்கியமா?

2012-இல் ஜேஎஸ்கான்ஃப் ஐரோப்பா மாநாட்டில், பெயர்களை மறைத்துவிட்டே உரைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். பெண்களைத் தேடிப்போய் விண்ணப்பிக்கவும் சொன்னார்கள். பேச்சாளர்களில் 25 சதவீதம் பேர் பெண்கள்! இதே மாநாட்டில்தான் 2009-இல் ரயன் டால், பிறந்து சில மாதங்களே ஆன நோட்.ஜேஎஸ்-ஐ அறிமுகப்படுத்தினார். அது எந்தப் பெரிய கம்பெனியின் தயாரிப்பும் அல்ல.

எதை எழுதுவது?

கணியம்பாடி வட்டாரத்தில் வேலூர் சிஎம்சி மருத்துவமனை பல பத்தாண்டுகளாகக் கிராம சுகாதாரப் பணி செய்கிறது. வீடு வீடாகத் தகவல் பதியும் பணியாளருக்கு ஒருவர் வெப் படிவம் உருவாக்குவதாக வைத்துக்கொள்வோம். சிக்னல் போனால் நிரப்பியதெல்லாம் போச்சு!

இதை 'ஆஃப்லைன் வெப் ஆப்: ஓர் அறிமுகம்' என்று அனுப்பினால் கூட்டத்தில் ஒன்றாகிவிடும். 'சிக்னல் போனாலும் படிவம் போகாது: சர்வீஸ் ஒர்க்கரில் நான் சொதப்பியதும் சரிசெய்ததும்' என்றால் குழு நின்று படிக்கும். என்ன பிரச்சினை, எதை முயன்றது, கேட்பவர் எதை எடுத்துப்போவார் ஆகிய மூன்றும் சுருக்கத்தில் இருக்க வேண்டும். எந்தப் பகுதிக்கு எத்தனை நிமிடம் என்று சொல்வதும், கோடு இணைப்பு தருவதும் நம்பிக்கை கூட்டும். தயாரிப்பு விளம்பரம் கூடாது. பயணச் செலவைத் தருவார்களா என்பதை முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

கிடைக்காவிட்டால்?

இடங்கள் குறைவு என்பதால் நல்ல உரைகளும் விடுபடும். அதே உரையை உள்ளூர் கல்லூரியிலோ மீட்டப்பிலோ பேசிப் பார்த்து, மெருகேற்றி அடுத்த ஆண்டு அனுப்பலாம். அனுப்பாத விண்ணப்பத்தை மட்டும் எந்தக் குழுவாலும் தேர்ந்தெடுக்க முடியாது.